புரட்டாசியில் நான் கொட்டிய மூன்று கிண்ணம்

ஈப்போவில் பிறந்தவனோடு அரசியல் பேசலாம், பந்து விளையாட்டைப் பற்றிச் சண்டை போடலாம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட எந்தக் கடை கொய்த்தியா நூடல்ஸில் பழைய ருசி போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லும். ("அப்பன் கையி மவனுக்கு வரலலா, அதான்" என்று காரணமும் சொல்லும்.) ஏர்கோன் பழுதுபார்ப்பது என் தொழில். முப்பது வருடமாக ஏணியில் ஏறி மற்றவர்கள் வீட்டைக் குளிரவைத்துப் பிழைக்கிறேன். ஆனாலும் என்னை ஒரு சாப்பாட்டு மேதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் திமிரை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் மூலகாரணம்.

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருடத்துக்கு செல்விக்கு ஒரு பயணம் பரிசளிக்கலாம் என்று திட்டமிட்டேன். கோயில் குளம் இல்லாத பயணம். ஊர் சுற்றவும் சாப்பிடவும் மட்டும். தைவானில் காவ்சியுங், ஜப்பானில் ஃபுக்குவோக்கா, கொரியாவில் பூசான். மூன்றும் கடற்கரை நகரங்கள், மூன்றிலும் மீனும் இறாலும் கொட்டிக் கிடக்கும் என்று காணொளிகளில் பார்த்திருந்தேன். செல்வி எங்கள் ஊர் சிலிபின் பகுதியில் பாலர் பள்ளி ஆசிரியை, பள்ளி விடுமுறையில்தான் வெளியே கிளம்ப முடியும். செப்டம்பர் மாத விடுமுறைக்கு மலிவு விலையில் டிக்கெட் கிடைத்ததும், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிவிட்டேன். மாற்றவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது என்ற ரகம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது உறையை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டிக்கெட்டைப் படித்தாள். எழுந்தாள். நேராக அடுப்படிக்குப் போய், சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் புரட்டினாள்.

"ஏங்க, இது புரட்டாசியில விழுது."

"எது?"

"உங்க டிக்கெட்டு. அஞ்சாவது நாளு புரட்டாசி ஒண்ணு. ஜப்பானுக்குப் போற அன்னிக்கு."

இதன் கனம் மலேசியத் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும். புரட்டாசி வந்தால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மாதம் முழுக்கக் கவிச்சியைத் தொடமாட்டார்கள். மற்றப் பாதி தொட்டுவிட்டு மறைப்பார்கள். செல்வி முதல் பாதியிலும் முன்வரிசை. எங்கள் மகன் கவின் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். உள்ளங்கை அளவு பிள்ளையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் கிடந்தான். அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, பிள்ளை பிழைத்தால் ஆயுசு முழுக்கப் புரட்டாசியில் சுத்தமாக இருப்பேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். இப்போது இருபத்திரண்டு வயது, எண்பது கிலோ, மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறான். அவன் வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு காலையும் அந்த வேண்டுதல்தான் அவனைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்று செல்வி நம்புகிறாள். அது மூடநம்பிக்கை என்று சொல்ல நான் யார்? அந்தக் கண்ணாடிப் பெட்டியை நானும் பார்த்தவன்தான்.

"நீங்க வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவது? நான் உடனே மார்தட்டினேன்.

"முதல் நாலு நாளு நல்லாச் சாப்பிடுவோம். அஞ்சாவது நாள்ல இருந்து சுத்த சைவம். நானும் சைவம். புத்தர் நாடுலா செல்வி! எல்லாக் கடையிலயும் சைவம் கெடைக்கும். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். ஒரு சொட்டுகூட உன் வாயில படாது. போதுமா?"

அவள் டிக்கெட்டைத் திரும்ப உறைக்குள் வைத்தாள். "உங்கள நம்பித்தான் வாரேன்," என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடாது.

காவ்சியுங்கில் நாலு நாள் பொற்காலம். சுட்ட கணவாய், சிப்பி போட்ட முட்டை, பப்பாளிப் பால் என்று தெருத் தெருவாக நடந்து தின்றோம். நான் ஒவ்வொரு கடையிலும் நின்று விமர்சனம் செய்தேன், அவள் தைப்பிங்கில் வளர்ந்தவள் என்பதால் வெயிலிலும் குடையோடு வந்தாள். (மழைக்குப் பேர்போன ஊர் அது, தைப்பிங்காரர்களுக்கு வானத்தின் மேல் நம்பிக்கை கிடையாது.) கடைசி நாள் துறைமுகத்துப் பக்கம் ஒரு முழு மீனை இருவரும் முள் மட்டும் மிஞ்சும்படி சாப்பிட்டோம். செல்வி கையைக் கழுவிவிட்டு, "அவ்ளோதான். இனி அடுத்த மாசம்," என்றாள்.

மறுநாள் ஃபுக்குவோக்கா. அறைக்குப் போனதும் தலைக்குக் குளித்தாள். கைப்பையிலிருந்து சின்னப் பெருமாள் படத்தை எடுத்து, தண்ணீர் கொதிக்கவைக்கும் ஜாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக் கும்பிட்டாள். பிறகு, "பசிக்குது, போலாமா?" என்றாள்.

இங்கேதான் என் மேதைமை தன் வேலையைக் காட்டியது. கடைக்காரரிடம் கேட்பதற்குக் கைப்பேசியில் மொழிபெயர்ப்பு வசதி இருந்தது. ஆனால் ஈப்போக்காரன் சாப்பாட்டைப் பற்றிக் கைப்பேசியிடம் போய்க் கேட்பதா? நான் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். கடை வாசலில் இருக்கும் படங்களைப் பார்ப்பது. கண், வால், கால், ஓடு எதுவும் தெரியாத கிண்ணமாகப் பார்த்து விரலை நீட்டுவது. இந்த முறையில் ஒரு சந்துக்குள் அருமையான ஊடோன் கடையைக் கண்டுபிடித்தேன். பருத்த வெள்ளை நூடல்ஸ், மேலே கொஞ்சம் கீரை, வெங்காயத்தாள், தெளிந்த சூப். அவ்வளவுதான். கடையை நடத்தியது அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் குனிந்து கும்பிட்டார்.

செல்வி முதல் வாய் சூப்பைக் குடித்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தையே இரண்டு கையாலும் தூக்கினாள்.

"என்னாங்க இது, பாத்தா வெறும் தண்ணி மாதிரி இருக்கு. இவ்ளோ ருசி எங்கேர்ந்து வருது? என்னா போட்டிருப்பாங்க?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை.

"கடற்பாசி," என்றேன். "கடலுக்குள்ள மொளைக்கிற கீரை. அதுல இருந்து வர்ற சாரம்."

"பரவால்லையே! சைவத்துலயே இப்படிப் பண்றாங்களே!"

யோசித்துப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சூப் என்றால் அதற்குள் ஏதோ ஒன்றின் எலும்பு வெந்திருக்கும் என்பது எங்கள் ஊர்க் காப்பிக் கடையில் வளர்ந்த எவனுக்கும் தெரியும். எங்கள் ஊரில் புரட்டாசியில் சூப் வேண்டுமென்றால் சீனர்களின் ஒன்பதாம் மாத விரதத்துக்காக மஞ்சள் கொடி கட்டியிருக்கும் சைவக் கடையைத் தேடித்தான் போவோம். அதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. செல்வியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலர் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு வந்து வீட்டில் சமைக்கும் பெண், யாரோ சமைத்த ஒன்றைக் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தாள். அன்று இரவும் அதே கடை. மறுநாள் வியாழக்கிழமை மத்தியானமும் அதே கடை.

வியாழன் மத்தியானம் செல்வி கை கழுவப் பின்பக்கம் போயிருந்தாள். நான் கடைக்கார அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, சூப் கிண்ணத்தைக் காட்டி, நெஞ்சில் கை வைத்தேன். அவருக்கு ஒரே பூரிப்பு. வா வா என்று கையசைத்து அடுப்படி வாசலுக்கு அழைத்துப் போனார். ஒரு பெரிய தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து, இதோ பார் என்று காட்டினார்.

உள்ளே மீன்கள். காய்ந்து கருத்து, வாயைப் பிளந்தபடி, அடுக்கடுக்காக. ஒவ்வொன்றுக்கும் விலாவில் இறக்கை மாதிரி நீளமான துடுப்பு. பறக்கும் மீன். அந்த அம்மா ஒன்றை எடுத்துப் பறப்பதுபோல் ஆட்டிக் காட்டி, அடுப்பில் கொதித்த பானைக்குள் போடுவதுபோல் பாவனை செய்து, சிரித்தார். பிறகு குனிந்து கும்பிட்டார். நானும் குனிந்தேன். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "செல்வி, தப்பு நடந்துபோச்சு, சூப்பில் மீன்" என்று ஒரே வாக்கியம். செல்வி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "இந்த அக்கா கடைக்கு நாளைக்கும் வரணும்ங்க," என்றாள். நான் "ம்ம்" என்றேன்.

அவள் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று இரவு வயிறு மந்தமாக இருக்கிறது என்று பொய் சொல்லி, கடையில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வந்தேன். மூன்று கிண்ணம் உள்ளே போய்விட்டது, அதை மாற்ற முடியாது. இனி ஒரு சொட்டுகூடப் போகவிடக்கூடாது. அவளுக்குத் தெரியாமலே அவள் விரதத்தைக் காப்பாற்றிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும். இதுதான் என் திட்டம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வி அந்தச் சந்துப் பக்கம் நடந்தாள்.

"அந்தக் கடை இன்னிக்கி லீவு," என்றேன்.

"யாரு சொன்னா?"

"நேத்தே சொன்னாங்க. வெள்ளிக்கிழமை லீவாம்."

சந்து திரும்பியதும் அந்த அம்மா கடை வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள், "நீங்க ஜப்பான் பாஷைய நல்லாத்தான் கத்துக்கிட்டீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

இரண்டு கிண்ணம் வந்தது. ஆவி பறந்தது. செல்வி கிண்ணத்தைத் தூக்கப் போனாள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. உப்பை எடுப்பதுபோல் கையை நீட்டி அவள் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். மேசை, தரை, என் சட்டைக் கை எல்லாம் சூப். ஐயோ ஐயோ என்று நான் பதற, கடைக்கார அம்மா துணியோடு ஓடிவந்து துடைத்தார். அடுத்த நிமிடம் இன்னொரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். இலவசம் என்று சைகை காட்டினார். கூடுதலாகக் கீரையும் போட்டிருந்தார்.

அதையும் தட்டிவிட்டேன்.

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் மரியாதையாகத் தங்கள் கிண்ணங்களை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா மூன்றாவது கிண்ணத்தை எடுத்துவந்து, மேசையில் வைக்காமல் செல்வியின் கையிலேயே கொடுத்தார். நான் பாய்ந்து அதை வாங்கி, "ரொம்ப தாகமா இருக்கு," என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்துபோனது. என் விரதம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது, அதனால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

செல்வி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி, வாங்க, அறைக்குப் போலாம்," என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் மாறிப்போனாள். அறையில் என் சட்டைப் பித்தானை அவளே போட்டுவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை பூசானுக்குக் கப்பல் ஏறப் போனபோது பெரிய பெட்டியை என்னைத் தூக்கவிடாமல் அவளே இழுத்தாள். கப்பலில் கொரியக் குடிநுழைவுப் படிவம் கொடுத்தார்கள். "நீங்களே எழுதுங்க, ஒங்க கையெழுத்த நான் பாக்கணும்," என்று பக்கத்தில் உட்கார்ந்து பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலைப் படம் எடுக்கச் சொன்னாள், எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கப்பலில் சோறு வாங்கினோம், கூடவே மூடி போட்ட குட்டிக் கிண்ணத்தில் சூப் வந்தது. அன்று புரட்டாசியின் முதல் சனிக்கிழமை வேறு. அவள் மூடியைத் திறப்பதற்குள் அந்தக் கிண்ணத்தை என் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டேன். அவள் என் கால்சட்டையைத் துடைத்தாள். பிறகு என் கரண்டியைக் கையில் எடுத்து, சோற்றை அள்ளி, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"ஆ காட்டுங்க."

சுற்றிலும் கொரியச் சுற்றுலாக் கூட்டம். ஓர் அம்மாள் தன் கணவரை முழங்கையால் இடித்து எங்களைக் காட்டினார். நான் வெட்கத்தோடு வாயைத் திறந்தேன்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். காதல் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடமாக ஈப்போவில் இல்லாத காதல், கடல் காற்றுப் பட்டதும் வந்துவிட்டது என்று நினைத்தேன். செலவழித்தது வீண் போகவில்லை என்றுகூட நினைத்தேன். பூசானில் இறங்கியதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் திரும்ப விமானம். காலையில் கடலோரம் பாறைமேல் கட்டியிருந்த ஒரு புத்தர் கோயிலுக்குப் போனோம். அலை பாறையில் அடித்துத் தெறித்துக்கொண்டிருந்தது. செல்வி புத்தர் சிலைக்கு முன்னால் கண்ணை மூடி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள், அவள் நகரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணீர் கழுத்துவரை வழிந்திருந்தது.

"செல்வி? என்னா ஆச்சு?"

அவள் என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்தாள். என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"எந்த டாக்டரு?"

"மறைக்காதீங்க. எனக்குத் தெரியும். மாமாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சிச்சி."

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். மரத்துக்குக் காயம் படாமல் மயிரிழை அளவுக்குப் பட்டை சீவும் கை அவருடையது. தோட்டத்தை முதலாளி விற்றதும் எங்களோடு வந்து இருந்தார். ஒருநாள் அவர் கையில் தேநீர் தளும்பியதை முதலில் பார்த்தவள் செல்விதான். "வயசாச்சுலா, அப்படித்தான்" என்று நான் சொன்னேன். அது நடுக்க நோய். அதற்குப் பிறகு நாலு வருடம், கடைசிச் சோறு வரைக்கும், அவருக்குக் கரண்டியால் ஊட்டியவள் அவள். நான் ஏணியில் ஏறி இறங்கிச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்காகத்தான் இந்த டிரிப்புன்னு எனக்கு வெள்ளிக்கிழமையே புரிஞ்சிருச்சி," என்றாள். "சொல்லாம கொள்ளாம டிக்கெட்டு வாங்கும்போதே நெனச்சேன். கை நல்லா இருக்கும்போதே என்னைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டணும்னு நெனச்சீங்க. அப்படித்தான? ஏணியில ஏறுற ஆளுங்க நீங்க. எத்தனை நாளா இப்படி இருக்கு?"

இரண்டு நாளாக அவள் என் கையெழுத்தைப் பார்த்தது, படத்தைப் பெரிதாக்கியது, பித்தான் போட்டுவிட்டது, சோறு ஊட்டியது எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. நான் காதல் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த ஒவ்வொரு அடியிலும் அவள் பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கைக்கு ஒண்ணுமில்ல செல்வி," என்றேன். "சூப்புல மீனு இருந்திச்சி."

"என்னா?"

"அந்தக் கடை சூப்பு. மீனுல செஞ்சது. வேணும்னுதான் கொட்டுனேன்."

"ரெண்டு கிண்ணமுமா?"

"மூணு. கப்பல்ல கொட்டுனதும் வேணும்னுதான்."

அவள் என் விரல்களை விரித்துப் பிடித்தாள். வெயிலில் நீட்டிப் பார்த்தாள். நடுங்கவில்லை. (உண்மையில் அப்போதுதான் கொஞ்சம் நடுங்கியது. பயத்தில்.) பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தாள். பால்வாடிப் பிள்ளைகள் அம்மாவைக் கண்டதும் அழுவதுபோல் ஓர் அழுகை. வழியில் போன ஒரு கொரியத் தாத்தா நின்று என்னை முறைத்தார். செல்வி அழுதுகொண்டே என் தோளில் நாலு அடி போட்டதும் அவர் திருப்தியாகித் தலையசைத்துவிட்டுப் போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் முதல் காரியமாகக் கைப்பேசியை எடுத்துக் கவினைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளை தூக்கத்தில் இருந்தான்.

"எங்கடா இருக்க?"

"கட்டில்லமா. ஏன்?"

"இன்னிக்கி மோட்டர எடுக்காத. ஏன் எதுக்குன்னு கேக்காத, எடுக்காதன்னா எடுக்காத. உங்கப்பா எனக்கு மீனக் குடுத்துட்டாரு."

இப்படித்தான் விஷயம் மகனுக்குப் போனது. மகனுக்குப் போனால் ஊருக்கே போன மாதிரி.

கைப்பேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அப்போது அவள் குரல் அமைதியாகிவிட்டது. திட்டினால் தாங்கிக்கொள்வேன், இந்தக் குரலுக்குத்தான் எனக்குப் பயம்.

"எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீ சந்தோஷமா இருந்த. அத ஏன் கெடுக்கணும்னு…"

"என் சந்தோஷத்துக்கா மறைச்சீங்க? இல்ல, உங்க மானத்துக்கா?"

கடலைப் பார்த்தேன். அந்தப் பயணத்தில் நான் செய்த எல்லாக் கோமாளித்தனத்துக்கும் கீழே கிடந்த உண்மை அதுதான். மேதைக்குத் தெரியவில்லை என்று அவள் வாயால் கேட்க எனக்கு மனமில்லை. அதற்காக அவளை இரண்டு நாள் தனியாக அழவிட்டிருக்கிறேன்.

"தெரியாம குடிச்சது எனக்கு," என்றாள் செல்வி. "அதைப் பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கிறேன். தெரிஞ்சு மறைச்சது உங்களுக்கு. அத நீங்க பாத்துக்குங்க."

எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். நாலு படி ஏறிவிட்டு நின்றாள்.

"அப்பறம், இன்னொண்ணு. இப்ப அங்க நின்னு வேண்டிக்கிட்டேன். உங்க கைக்கு ஒண்ணும் இல்லன்னா, நீங்க ஆயுசுக்கும் மீனத் தொடமாட்டீங்கன்னு."

"நானா? புத்தர்கிட்டயா?"

"அங்க அவருதான இருந்தாரு."

"என்னைக் கேக்காம நீ எப்படி எனக்கு வேண்டிக்கலாம்?"

"கேட்டிருந்தா அதையும் கொட்டியிருப்பீங்க," என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.

விமானத்தில் அவள் என்னோடு பேசவில்லை. பணிப்பெண் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது மட்டும், "அவருக்கு மூடி போட்டுக் குடுங்க," என்று தமிழிலேயே சொன்னாள்.

ஊருக்கு வந்ததும் பெருமாள் கோயிலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. புரட்டாசி முடிந்த பிறகும் ஐப்பசியில் பத்து நாள் கூடுதலாக விரதம் இருந்தாள். நானும் இருந்தேன். என் தண்டனையோ முடிவதாக இல்லை. சம்பால் மீன், கருவாட்டுக் குழம்பு, நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றில் வரும் நெத்திலி எதுவும் கிடையாது. காப்பிக் கடையில் கூட்டாளிகள் மீன் தலைக் கறியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நான் ஓரமாக உட்கார்ந்து முட்டைக்கோஸைத் தின்கிறேன். "என்னா மச்சான், டாக்டர் வேணாம்னுட்டாரா?" என்று புதிதாக யாராவது கேட்டால், பழைய கூட்டாளிகள் என் முன்னாலேயே முழுக்கதையையும் சொல்வார்கள். பறக்கும் மீனைக் கையால் ஆட்டிக் காட்டுவது வரை.

வீட்டிலோ சொல்லவே வேண்டாம். கல்யாண வீட்டில் நான் ரசத்தைத் தொட்டால் மைத்துனர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்கள். போன தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் தட்டில் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கவின் சத்தமாக, "எல்லாரும் காலத் தூக்கிக்குங்க, அப்பா வாராரு!" என்றான். கூடம் அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்த சிரிப்பில் ஒரு கோப்பை தளும்பித் தட்டில் கொஞ்சம் சிந்தியது. அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் கதையை யார் எத்தனை தடவை சொன்னாலும் அவள் சிரிப்பதில்லை. கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தபடி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குத் தெரியாமல் பத்து விரலையும் விரித்து அவள் பக்கம் நீட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் தேநீரை எடுத்தாள்.